டேவிஸ் தாண்டி சேக்ரமென்டோ

கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு நாள் காலை, மாநிலத் தலைநகரான சேக்ரமென்டோவுக்குப் போகும் கேபிடல் காரிடார் ரயிலில் ஏறினேன். "சேக்ரமென்டோவில் வெயிலைத் தவிர என்னடா இருக்கு?" என்றாள் அக்கா. ஸ்டான்லி மாஸ்க்கின் பெயரைத் தாங்கிய கட்டடம் இருக்கிறது என்றேன். வக்கீல் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான் மதிக்கும் நீதிபதி அவர்.

நமக்கு உச்ச நீதிமன்றம் என்றால் டெல்லியில் இருக்கும் ஒன்றுதான். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் ஓர் உச்ச நீதிமன்றம் உண்டு. கலிபோர்னியாவின் நீதிமன்றத்தில் மாஸ்க் 1964 முதல் 2001-ல் 88 வயதில் இறக்கும்வரை 37 வருஷம் இருந்தார். அங்கே அவ்வளவு காலம் வேறு யாரும் இருந்ததில்லை.

மார்ட்டினெஸ் தாண்டி ரயில் பாலமேறித் தண்ணீரைக் கடந்தது. அப்புறம் சமவெளி, வயல்கள், டேவிஸ் ஸ்டேஷன். சைக்கிளோடு மாணவர்கள் இறங்கினார்கள். இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி, 100 இடங்களில் 16-ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியது. இடம் கிடைக்காத ஆலன் பாக்கி என்ற வெள்ளையர் வழக்குப் போட்டார். 1976-ல் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் மாஸ்க். எத்தனையோ முறை படித்தும் அதை என்னால் ஏற்க முடியவில்லை. இட ஒதுக்கீடு இல்லையென்றால் எங்கள் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டோம். ஆனாலும் அவரை மதிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

1947-ல் அவர் லாஸ் ஏஞ்சலஸில் விசாரணை நீதிபதி. கறுப்பினக் குடும்பம் ஒன்று வீடு வாங்கிக் குடியேறியது. வெள்ளையர் மட்டுமே குடியிருக்கலாம் என்று பத்திரத்தில் இருக்கிறது, வெளியேற்றுங்கள் என்று அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். வீட்டுக்காரர் போரில் பணியாற்றியவர். இனத் திமிரை எதிர்த்து இப்போதுதான் ஒரு போரை முடித்திருக்கிறோம், இங்கே அதையே எப்படி அனுமதிப்பது என்ற தொனியில் எழுதி, மாஸ்க் வழக்கைத் தள்ளுபடி செய்தார். இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று தலைநகர் வாஷிங்டனில் இருக்கும், நாடு முழுவதற்குமான உச்ச நீதிமன்றம் சொன்னது அடுத்த வருஷம்தான்.

பிறகு அவர் மாநில அட்டர்னி ஜெனரலாக, அதாவது மாநில அரசின் தலைமை வக்கீலாக, இருந்தபோது கோல்ஃப் விவகாரம். தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் விதியிலேயே வெள்ளையர் மட்டும் என்று இருந்தது. சார்லி சிஃபோர்ட் என்ற கறுப்பின ஆட்டக்காரருக்காக மாஸ்க் சங்கத்தோடு மோதினார். அந்த விதி இருக்கும்வரை கலிபோர்னியாவில் போட்டி நடத்த முடியாது என்று நின்றார். 1961-ல் சங்கம் விதியை எடுத்தது.

சேக்ரமென்டோவில் இறங்கி நடந்தேன். அக்கா சொன்ன வெயில் உண்மைதான். கேபிடல் மாலில், சட்டமன்றத்தின் வெள்ளைக் குவிமாடத்துக்கு எதிரே அந்தக் கட்டடம். மாநில நூலகமும் நீதிமன்றமும் ஒரே கூரையின் கீழ். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக அமைத்த முன்மண்டபத்தில் நுழைந்ததும் ஒரு குளிர்ச்சி. என் செருப்புச் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

நூலகத்தில் கலிபோர்னியா தீர்ப்புத் தொகுதி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மூன்றாம் தொடரின் 22-ஆவது தொகுதி, பக்கம் 258: வீலர் வழக்கு, 1978. மளிகைக் கடைக்காரர் ஒருவரைக் கொன்றதாக இரண்டு கறுப்பின இளைஞர்கள் மேல் வழக்கு. குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்கு வந்த கறுப்பினத்தவரை எல்லாம் காரணம் சொல்லாமலே நீக்கினார் அரசு வக்கீல். மிச்சம் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளையர். காரணம் சொல்லாமலே சிலரை நீக்கலாம் என்பது வக்கீலின் உரிமை. இனத்தைப் பார்த்து நீக்க அந்த உரிமையைப் பயன்படுத்தக் கூடாது என்று மாஸ்க் எழுதினார். வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் இந்த முடிவுக்கு வர இன்னும் எட்டு வருஷம் ஆனது.

இந்தத் தீர்ப்பைத் திரையில் பலமுறை படித்திருக்கிறேன். தாளில் படித்தது அன்றுதான். பழைய பசை வாசம், அழுத்திப் பிடித்தால்தான் விரிந்து நிற்கும் முதுகு. வரி வரியாக, அவசரமில்லாமல் படித்தேன். பாக்கி தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே இரண்டே வருஷம்; எழுதிய கை ஒன்றுதான்.

திரும்பும்போது டேவிஸில் ரயில் நின்றது. காலையில் பார்த்த மாதிரியே சைக்கிள்களோடு ஒரு கூட்டம் ஏறியது. நிறம் நிறமாக முகங்கள். அவர்களைப் பார்த்தபடியே மாஸ்கோடு மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன், ஃப்ரீமான்ட் வரும்வரை.