கையெழுத்துப் போடாத தெரு

குழந்தைகளுக்கு அறிவுத்திறன் சோதனை எடுப்பதுதான் உளவியலில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. கையில் ஒரு பெட்டி. அதற்குள் கட்டைகள், படங்கள், மதிப்பெண் தாள், ஒரு ஸ்டாப்வாட்ச். பெட்டியைத் திறந்ததுமே விளையாட்டுச் சாமான் என்று நினைத்துப் பிள்ளைகள் ஓடி வருவார்கள்.

சென்னைக்குத் தெற்கே, ஆற்றோரக் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்காகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் ஆய்வு நடந்தது. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரால் அங்குள்ளவர்கள் படும் பாடு போதும். வேலைக்கு விண்ணப்பம் போடும் பையன்கள் சொந்தக்காரர் வீட்டு முகவரியைத்தான் எழுதுவார்கள். குடிவந்து இரண்டு வருடமாகியும் பல பிள்ளைகள் நகரத்திலிருந்த பழைய பள்ளிக்கே பேருந்தில் போய் வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தைகளின் அறிவுத்திறனை, பக்கத்திலிருந்த ஒரு தனியார் பள்ளிக் குழந்தைகளோடு ஒப்பிடுவது எங்கள் திட்டம். அந்தத் திட்டம் எனக்கு அப்போது கொஞ்சமும் உறுத்தவில்லை.

சாயங்காலம் அங்கன்வாடியில் உட்கார்ந்து சோதனை எடுப்போம். ஒரு நாள் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். பள்ளியிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தாள், சீருடைகூட மாற்றவில்லை. கீழே கிடக்கும் அடுத்தவர் பொருளைப் பார்த்தால் என்ன செய்வாய் என்கிற மாதிரி ஒரு கேள்வி வரும். (சோதனைக் கேள்வியை அப்படியே வெளியில் எழுதக் கூடாது.) அவள் யோசிக்கவே இல்லை. "தொடவே மாட்டேங்க்கா. எடுத்தா நாந்தான் திருடினேன்னு சொல்லிடுவாங்க" என்றாள்.

உரியவரிடம் கொடுப்பேன் என்று சொன்னால்தான் எங்கள் கையேட்டில் மதிப்பெண். நான் பூஜ்யம் போட்டேன். அவள் வாழ்கிற இடத்தில் ஒரு குழந்தை சொல்லக்கூடிய ஆகப் புத்திசாலித்தனமான பதில் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். எழுந்து போகும்போது கேட்டாள்: "இதுல ஃபெயிலானா ஸ்கூல்ல வெச்சுக்க மாட்டாங்களாக்கா?" அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்பினேன். மனதாரத்தான் சொன்னேன்.

விதிப்படி எங்களிடம் ஒரு குறையும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ஏழு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளிடமும் வாய்மொழியாகச் சம்மதம் கேட்க வேண்டும், கேட்டோம். தாய்மார்களிடம் தமிழில் படிவம் கொடுத்துப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். பெயருக்குப் பதில் எண். எல்லாம் சரியாக இருந்தது.

அறிக்கை வந்தது. குடியிருப்புக் குழந்தைகளின் சராசரி குறைவு என்று ஒரு அட்டவணை. காரணங்களை அலசும் பகுதி பின்னால் நாலு பக்கம் தள்ளியிருந்தது. உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று அட்டவணையை மட்டும் எடுத்துப் போட்டது. கொஞ்ச நாள் கழித்து அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "எவ்ளோ சொல்லிக் குடுத்தும் ஏறலைன்னு நாங்க சொன்னா யாரும் நம்பலை மேடம். இப்ப நீங்களே நிரூபிச்சுட்டீங்க." அவர் நன்றியாகத்தான் சொன்னார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அந்தப் பெண்ணின் அம்மாவையும் பார்த்தேன். கோபப்படவில்லை. "என் பொண்ணு பேரு வெளிய வராதுன்னு சொல்லித்தானேம்மா கையெழுத்து வாங்கின? அவ பேரு வரலைதான். எங்க ஏரியா பேரு வந்துடுச்சே" என்றார்.

அதற்குப் பதில் தேடித்தான் ஜோன் சீபர், பார்பரா ஸ்டான்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1988-இல் 'அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்' இதழில் எழுதிய கட்டுரையைத் திரும்பப் படித்தேன். எம்.எஸ்சி.யில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தது. ஆய்வில் உட்கார்ந்தவரை மட்டுமல்லாமல், அவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவராகப் பார்க்கப்படுகிறாரோ அந்தக் கூட்டத்தையே பாதிக்கக்கூடிய ஆய்வைத்தான் அவர்கள் சமூக நோக்கில் கவனமாகக் கையாள வேண்டிய (socially sensitive) ஆய்வு என்கிறார்கள். கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதிலேயே அந்தப் பாதிப்பு தொடங்கிவிடுகிறது. நாங்கள் 'எவ்வளவு குறைவு' என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். சம்மதப் படிவம் என்பது கையெழுத்துப் போட்டவருக்குத்தான். தெருவிடம் யாரும் கேட்கவில்லை.

எங்கள் துறையில் இதற்குப் பழைய கதை உண்டு. நான் எடுத்துப்போன சோதனையின் மூதாதை, 1905-இல் ஆல்ஃபிரெட் பினே பாரிஸில் தேறாத பிள்ளைகளுக்கு உதவுவதற்காக உருவாக்கியது. அது அமெரிக்கா போனது. வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்கு அதை வைத்து மனவயது ஒன்பது, அதாவது ஒன்பது வயதுக் குழந்தையின் அறிவுதான், என்றார்கள். அவளுடைய தாயும் அறிவு குன்றியவள் என்றார்கள். எட்டு மாதம்கூட ஆகியிருக்காத கேரியின் மகள் விவியனைப் பார்த்த ஒரு சமூகப் பணியாளர், குழந்தையின் தோற்றம் அவ்வளவு இயல்பாக இல்லை என்று சாட்சி சொன்னார். 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அறிவு குன்றியவர்கள் போன்றோருக்குப் பிள்ளை பிறக்கக் கூடாது என்று போட்ட அத்தகைய சட்டங்களின் கீழ் அந்த நாட்டில் 60,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அது செய்யப்பட்டது. விவியன் பள்ளிக்குப் போனாள், 1931-இல் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அடுத்த வருடம், எட்டு வயதில், நோயால் இறந்துபோனாள்.

அந்தச் சமூகப் பணியாளர் என்னைப் போல ஒரு களப்பணியாளர். ஒரு வீட்டுக்குள் போய், ஒரு குழந்தையைப் பார்த்து, ஒரு வரி சொன்னவர். என் பூஜ்யமும் ஒரு வரிதான்.

அப்படியானால் இந்த மாதிரி ஆய்வே வேண்டாமா என்று என்னோடு வேலை பார்ப்பவர்கள் கேட்பார்கள். வேண்டும் என்றுதான் சொல்வேன். சீபரும் ஸ்டான்லியும்கூட, சிக்கலான விஷயம் என்று ஒதுங்கிப் போவதைப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகத்தான் பார்த்தார்கள். அந்தக் குடியிருப்பை யாரும் ஆராயவில்லை என்றால் அங்குள்ள குறைகள் எந்த ஆவணத்திலும் ஏறாது. அதனால் அடுத்த ஆய்வில் கேள்வியை மாற்றினோம். படிப்பாண்டின் நடுவில் வீடு மாற்றப்பட்ட குழந்தைக்கு என்னவெல்லாம் கைவிட்டுப் போகிறது என்று கேட்டோம். ஒப்பீட்டுக்குத் தனியார் பள்ளி கிடையாது. அறிக்கையில் ஊர்ப் பெயர் கிடையாது. சமர்ப்பிக்கும் முன் வரைவை எடுத்துப் போய் அங்கேயே வாசிப்பது என்றும் முடிவு செய்தோம்.

அதே அங்கன்வாடியில் பதினைந்து தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒவ்வொரு பத்தியாக வாசித்தேன். "அடிக்கடி பள்ளிக்கு வராத குழந்தைகள்" என்று ஓரிடத்தில் வந்தது. அந்தப் பெண்ணின் அம்மா கையைத் தூக்கினார்.

"வராதன்னு போடாதம்மா. காலையில அந்த ஒரு பஸ்ஸ வுட்டா அப்புறம் எப்படிப் போவும்? பஸ் இல்லாத நாளுன்னு போடு."

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். பிறகு ஒரு வாரம், காலை ஆறு மணியிலிருந்து அந்த நிறுத்தத்தில் நின்று எத்தனை பேருந்து வருகிறது என்று எண்ணினோம்.