பற்றரியை மாற்றும் முன் மீற்றரை எடுங்கள்

திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கச்சான் காற்று வீசும் காலத்தில் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. காலையில் செல்ஃபை அழுத்தினால் 'கடக், கடக்' என்ற சத்தம் மட்டுமே கேட்கும். ஹோர்ன் தொண்டை கட்டியவரைப் போல முனகும். சிக்னல் விளக்கு மின்னாமல் மங்கலாக எரிந்தபடி நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் முதல் கராச் வரை எல்லோரும் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "பற்றரி முடிஞ்சுது தம்பி, புதுசு போடுங்கோ." பல வேளைகளில் அந்தத் தீர்ப்புச் சரியாகவே இருக்கும். சில வேளைகளிலோ, காசு கொடுத்து வாங்கிப் பூட்டிய புதிய பற்றரியும் சில மாதங்களில் அதே நிலைக்கு வந்துவிடும், ஏனெனில் குற்றம் பற்றரியில் இருந்திராது. எங்கள் வீட்டு வண்டியின் பற்றரியை அண்மையில் நானே மாற்றினேன். மாற்றும் வேலையைவிட, மாற்றத்தான் வேண்டுமா என்று கண்டுபிடிப்பதே முக்கியமான வேலை என்பது என் கருத்து.

எங்கள் ஊரில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை வயதேறியவை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரையும் அந்தத் தடை நீடித்ததால், கையில் இருந்த வண்டியையே பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிர வேறு வழி பலருக்கு இருக்கவில்லை. அதற்கிடையில் 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று பங்கிடத் தொடங்கியபோது, எத்தனையோ வண்டிகள் விறாந்தைகளில் நாட்கணக்கில் அசையாமல் நின்றன. பற்றரிக்கு ஓட்டத்தைவிட நிற்பதே அதிகக் கேடு.

அதன் காரணம் இரசாயனத்தில் இருக்கிறது. 1859 இல் பிரான்ஸ் நாட்டவரான காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய–அமிலப் பற்றரியின் அடிப்படையே இன்றும் எங்கள் வண்டிகளில் இருக்கிறது: ஏறத்தாழ 2.1 வோல்ற் தரும் கலங்கள் ஆறு, அவற்றுக்குள் ஈயத் தட்டுகள், ஐதான கந்தக அமிலம். மின்னை வெளியே கொடுக்கும்போது தட்டுகளின் மேல் ஈய சல்பேற்று படியும். மின்னேற்றும்போது அது மீண்டும் கரைந்துபோகும். ஆனால் பற்றரியை வெறுமையாக்கி நாட்கணக்கில் விட்டுவிட்டால் அந்தப் படிவு கடினமான பளிங்குகளாக இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு மின்னேற்றினாலும் அது முழுமையாகக் கரையாது, பற்றரியின் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். இதற்கு மேலே வெப்பம் இருக்கிறது. இணையத்தில் உள்ள ஆங்கில வழிகாட்டிகள் பெரும்பாலும் பனிக்காலத்தைப் பற்றியே எச்சரிக்கின்றன. எங்களுக்குப் பனிக்காலம் ஏது? மே மாதத்திலிருந்து மேற்கே காட்டைக் கடந்து அனலாக வீசும் கச்சான்தான் எங்கள் பற்றரிகளின் ஆயுளைத் தின்கிறது. வெப்பம் ஏற ஏற உள்ளே அரிமானம் விரைவாகும், தண்ணீர் விட்ட பற்றரியில் தண்ணீரும் வேகமாக வற்றும். மதியம் முழுவதும் வெயிலில் நிறுத்தும் வண்டிக்கும் நிழலில் நிறுத்தும் வண்டிக்கும் பற்றரியின் ஆயுளில் வேறுபாடு இருப்பதில் வியப்பில்லை.

முதலில் செய்ய வேண்டியது அளப்பது. சாதாரண மல்ரிமீற்றர் ஒன்று போதும், விலையுயர்ந்தது தேவையில்லை. வண்டியை நிறுத்திச் சில மணித்தியாலம் கழித்து, திறப்பை அணைத்த நிலையில், பற்றரியின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். 12.6 வோல்ற்றோ அதற்குச் சற்று மேலோ காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ அரைவாசி. 12 க்குக் கீழ் என்றால் அது வெறுமையை நெருங்கிவிட்டது. மின்னேற்றிய பிறகும் 10.5 க்கு அண்மையில் நின்றால் ஆறு கலங்களில் ஒன்று செத்துவிட்டது என்று கொள்ளலாம், அதைக் காப்பாற்ற முடியாது. எனினும் ஓய்வில் எடுக்கும் அளவு மட்டும் ஏமாற்றக்கூடியது. மீற்றரின் கம்பிகளை முனைகளிலேயே பிடித்தபடி செல்ஃபை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். நல்ல பற்றரி 10 வோல்ற் அளவிலாவது தாக்குப்பிடிக்கும்; முதிர்ந்தது 8, 7 என்று சரிந்துவிடும். எங்கள் வண்டியின் பற்றரி இரவு முழுவதும் மின்னேற்றிய பிறகு ஓய்வில் ஒழுங்கான அளவைக் காட்டியது; செல்ஃபை அழுத்தியதும் இலக்கங்கள் விழுந்த வேகத்தைப் பார்த்தபோதுதான் அதன் காலம் முடிந்துவிட்டது என்பதை ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த சோதனையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், அதுதான் காசை மிச்சப்படுத்தும் சோதனை. எஞ்சினை இயக்கி, அக்சிலேற்றரைச் சற்று முறுக்கி, அதே முனைகளில் அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 13.5 இலிருந்து 14.5 வோல்ற் வரை வர வேண்டும். 13 ஐத் தாண்டவே இல்லை என்றால் மின்னேற்றும் சுருளிலோ, ரெகுலேற்றரிலோ, அவற்றுக்கிடையே உள்ள வயரிலோ பிழை இருக்கிறது. நீங்கள் பூட்டும் புதிய பற்றரியும் பசியிலேயே சாகும். 15 ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் தன் வேலையைச் செய்யவில்லை. புதிய பற்றரி உள்ளே கொதித்து உப்பிவிடும். இந்த இரண்டு நிலைகளிலும் பற்றரிக் கடைக்குப் போவதற்கு முன் மின்வேலை தெரிந்த ஒருவரிடம் போவதே முறை. வண்டி வாங்கிய பிறகு பூட்டிய திருட்டு எச்சரிக்கைக் கருவிகளும், சிங்காரத்துக்குப் போட்ட விளக்குகளும் வண்டி நிற்கும்போது இரகசியமாக மின்னை உறிஞ்சுவதுண்டு. அவற்றைக் கழற்றிவிட்டுச் சில நாள் பார்ப்பதற்குச் செலவேதும் இல்லை.

கடலோரத்தில் இருக்கும் எங்களுக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டியின் பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள். நேர்முனையைச் சுற்றி வெள்ளையும் இளம்பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடியும், அதன் அடியில் கறள் பிடித்த நட்டும், இழைகள் கறுத்துப்போன வயரும் கண்ணில் படும். இந்தப் பூப்பு மின்னோட்டத்தைத் தடுப்பதால், உள்ளே நல்ல நிலையில் இருக்கும் பற்றரியும் வெளியே செத்ததுபோலத் தோன்றும். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல்துலக்கியால் தொட்டுத் தேய்த்தால் அது நுரைத்துக்கொண்டு கழன்று வரும். கரைசல் பற்றரிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு துடைத்து உலர்த்தி, நட்டை இறுக்கி, மேலே மெல்லியதாக வாசலின் பூசிவிட வேண்டும். வாசலின் இறுக்கிய பிறகு பூசப்படுவது. இது அழகுக்காக அல்ல, உப்பும் ஈரமும் படாதிருக்கத்தான். இந்தச் சிறு வேலையோடு புதிய பற்றரி தேவைப்படாமல் போன வண்டிகளை நான் கண்டிருக்கிறேன்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், பழையதின் மேல் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வோல்ற்றும் அம்பியர் மணித்தியாலமும் பொருந்தினால் மட்டும் போதாது. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றோடு நேர்முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் பொருந்த வேண்டும். ஒரே கொள்ளளவில் முனைகள் இடம் மாறிய பற்றரிகள் விற்பனையில் உண்டு, அவற்றுக்கு வண்டியின் வயர் எட்டாது. உற்பத்தித் திகதியையும் பாருங்கள், ஏனெனில் கடைத் தட்டில் தூசி படிந்து கிடக்கும் பற்றரியும் முதுமை அடைந்துகொண்டுதான் இருக்கிறது. அமிலம் ஊற்றிப் பாவிக்கும் வகையை வாங்கினால், ஊற்றிய உடனே வண்டியில் பூட்டித் தரச் சொல்லி அவசரப்படக்கூடாது. அமிலம் தட்டுகளுக்குள் ஊற நேரம் விட்டு, கொள்ளளவின் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், அதாவது 5 அம்பியர் மணித்தியாலப் பற்றரிக்கு அரை அம்பியரில், ஆறுதலாக மின்னேற்றினால்தான் அது முழு வலுவோடு தொடங்கும். அதன்பின் மட்டம் குறையும்போது ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த தண்ணீர் மாத்திரமே. எங்கள் ஊர்க் கிணறுகளில் பலவற்றின் தண்ணீர் உவர். அதை ஊற்றினால் உப்பு தட்டுகளைக் கெடுத்துவிடும். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்பதற்காக நான் மூடிய வகையையே வாங்கினேன், விலை சற்றுக் கூட என்றாலும்.

பூட்டும் வேலைக்கு ஒரு திருப்புளியும் அளவான ஸ்பனரும் போதும். மோதிரம், கைச்சங்கிலி, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, திறப்பை அணைத்து எடுத்துவிட்டுத் தொடங்க வேண்டும். கழற்றும்போது மறைமுனை (−) முதலில், பூட்டும்போது மறைமுனை கடைசியில். இந்த வரிசை சடங்கு அல்ல. வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதும் மறைமுனையோடு இணைந்திருப்பதால், அது பூட்டியிருக்கும்போது நேர்முனையைத் திருகும் ஸ்பனரின் மறுமுனை சட்டத்தில் தட்டினால் பற்றரி நேரடியாகக் குறுஞ்சுற்றாகிவிடும். தீப்பொறி பறந்து, ஸ்பனர் கையில் சுடும். மறைமுனையை முதலில் விடுவித்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை. மின்னேற்றிய பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரக்கூடும் என்பதால் புகைத்துக்கொண்டோ, குசினி அடுப்புக்குப் பக்கத்திலோ இந்த வேலையைச் செய்யக்கூடாது. முற்றத்தில் வேம்பு நிழல் போதும். அமிலம் கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் தொடர்ந்து கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புதியதை உள்ளே வைத்ததும் ஒருவரின் பொறுமையைச் சோதிப்பது அந்தச் சிறிய சதுர நட்டு. முனையின் குழிக்குள் அது தளர்வாகக் கிடக்கும்; மேலிருந்து வரும் திருகாணி அதை எட்டாது; விரலால் தூக்கினால் வழுக்கி விழும். நான் வேலை செய்துகொண்டிருந்தபோது வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, "மாமா, கீழ ஏதாவது வச்சுப் பாருங்கோவன்" என்றான். பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சில் ஒரு சிறு துண்டு வெட்டி நட்டின் அடியில் திணித்ததும், நட்டு உயர்ந்து நின்று திருகாணியை உடனே பிடித்துக்கொண்டது. இறுக்கும்போது அளவோடு இறுக்குங்கள். ஈயம் மென்மையான உலோகம், பலத்தைக் காட்டினால் முனையே பிய்ந்துவிடும். நேர்முனையின் றப்பர் மூடியைத் திரும்பப் போட மறக்கக்கூடாது. அமில வகையாயின் காற்றுக்குழாயின் முனையிலுள்ள அடைப்பை எடுத்துவிட்டு, குழாயைச் செயினும் சட்டமும் படாத இடத்தில் கீழே தொங்கவிட வேண்டும். பற்றரியைப் பிடிக்கும் பட்டி தளர்ந்திருந்தால் குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் அடிபட்டு உள்ளே தட்டுகள் உதிரும். எல்லாம் முடிந்ததும் மின்னேற்ற அளவை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டுக் கிக்கரில் ஓடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பழைய கார்புரேற்றர் வண்டிகளில் சிலவற்றில் அது நடக்கும்; ஆனால் அலையும் வோல்ற்றளவைத் தாங்கிக்கொள்ளப் பற்றரி இல்லாததால் பல்புகள் எரிந்துபோகலாம். எரிபொருளை மின்னால் செலுத்தும் புதிய வண்டிகளில் இதை நினைத்தும் பார்க்கக்கூடாது.

பழைய பற்றரியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். விலையில் ஏதாவது கழித்துத் தருவார்கள். மீன்பிடி ஊரில் ஈயத்துக்குத் தேவை எப்போதும் உண்டு, வலைக்கு ஈயக்குண்டு வேண்டும் என்று யாராவது கேட்டும் வரலாம். வீட்டு முற்றத்தில் பற்றரியை உடைத்து ஈயம் உருக்குவதற்கு எந்தக் காரணத்துக்காகவும் இடம் கொடுக்காதீர்கள். ஈயப் புகையும் தூசியும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கொட்டிய அமிலம் மண்ணில் இறங்கினால் அடுத்தது கிணறுதான்.

கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய் வாரக்கணக்கில் வண்டியை விட்டுச் செல்பவர்கள் மறைமுனை வயரைக் கழற்றி விட்டுப் போகலாம். வீட்டில் யாராவது இருந்தால் மாதத்துக்கு ஒருமுறை அளந்து, 12.4 க்குக் கீழே இறங்கியிருந்தால் சிறிய மின்னேற்றியில் போடச் சொல்லலாம். காருக்கான பெரிய மின்னேற்றியை இதற்குப் பாவிக்க வேண்டாம். அதன் மின்னோட்டம் இந்தச் சிறு பற்றரிக்கு அதிகம்.