கடல் இல்லாத ஊரில் பெரியம்மா

பெரியம்மா புதுச்சேரிக்காரர். சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டைப் பூட்டினால் காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், போர் நினைவுச் சின்னம் என்று பீச் ரோட்டை ஒருமுறை அளந்துவிட்டு, மணக்குள விநாயகரையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். முட்டி வலி, மழை எதுவும் கணக்கில்லை. பொங்கல் முடிந்து பத்து நாள் எங்களோடு இருக்க சேலம் வந்தவர், மூன்றாம் நாளே கேட்டுவிட்டார்: "சாயங்காலமானா நீங்கல்லாம் எங்கேடி போவீங்க?"

அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டு இதற்கு என்ன பதில் சொல்வது? முதலில் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு அழைத்துப்போனேன். நீர்க்காகங்களைப் பார்த்தார். "ஏரி சரி, காத்து எங்கே?" என்றார். அப்புறம்தான் ஏற்காடு என்று முடிவானது. பெயரிலேயே ஏரியும் காடும் இருக்கிறது, காற்றுக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: சனி, ஞாயிறில் போகாதீர்கள். மே மாதக் கோடை விழா சமயத்தில் போகவே போகாதீர்கள். கூட்டம் மிஞ்சினால் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கு என்று பாதையை ஒருவழி ஆக்கிவிடுவதும் உண்டு. நாங்கள் ஒரு புதன்கிழமை, காலை பஸ்ஸில் கிளம்பினோம். பெரியம்மா கையில் எலுமிச்சம்பழம்.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டினேன். 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய சினிமா ஸ்டுடியோ; இன்று மிச்சமிருப்பது அந்த வளைவுதான். "இதுதானா அது!" என்று கழுத்தைத் திருப்பி, பஸ் கடந்த பின்னும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வயதுக்காரர்களுக்கு அது ஒரு கோயில் வாசல் மாதிரி.

அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் இருபது. பெரியம்மா எண்ண ஆரம்பித்தார். ஏழில் காது அடைத்தது. பன்னிரண்டில் எலுமிச்சையை மூக்கோடு அழுத்திக்கொண்டார். பதினைந்துக்கு மேல் எண்ணுவதை என்னிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முன் சீட்டுப் பையனுக்கு எலுமிச்சையும் உதவவில்லை. விவரம் வேண்டாம்.

ஏரிக்கரையில் இறங்கியதும் இழுத்து மூச்சு விட்டார். "காத்து இருக்கு." தேர்வில் பாதி பாஸ்.

படகுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். "அலை இல்லாத தண்ணியில என்னடி போட்டு?" எனக்கும் அதில் பெரிய ஆசை கிடையாது. மிதிபடகில் அரை மணி நேரம் முட்டியைத் தேய்ப்பதைவிட, ஏரியை ஒட்டிய சாலையில் மெதுவாக நடந்து, மிளகாய் பஜ்ஜியைத் தாளில் வைத்து ஊதி ஊதித் தின்பதுதான் எனக்கு ஏற்காடு. எதிரே அண்ணா பூங்காவில் பூ பார்த்தோம். அது அவ்வளவுதான்.

ஆட்டோ பேசி சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். கூலியை ஏறுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும், இறங்கும்போது பேசினால் நாம்தான் தோற்போம். மலைத்தொடரின் உச்சிகளில் ஒன்று இது, 5,326 அடி. மேலே எதிர்பாராமல் மைதானம்போல் சமதரை. கோயில் என்பது ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மலைமக்களின் தெய்வம், மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுக் கிராமங்கள் எல்லாம் திரண்டு வரும். பெரியம்மா வெளியே வந்ததும் முந்தானை பறந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இது பீச் காத்தைவிட ஜாஸ்தி" என்று அவராகவே ஒப்புக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் ஒரு காபித் தோட்டத்து ஓரம் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் கொண்டுவந்த பயிர் இது. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காபிச் செடி, அந்த மரங்களைச் சுற்றியே மிளகுக் கொடி. வேலியோரச் செடியில் சில பழங்கள் செக்கச்செவேலென்று மிச்சம் இருந்தன. அங்கிருந்த அம்மாவிடம் கேட்டு ஒன்றைப் பறித்துக் கொடுத்தேன். பெரியம்மா தோலைக் கடித்தார். உள்ளே வழவழவென்று இரண்டு கொட்டை, முதுகு வளைந்து, தட்டையான பக்கம் ஒட்டிக்கொண்டு. சப்பிப் பார்த்து, "இனிக்குதுடி! காபி வாசனையே இல்லையே!" என்றார். அறுபது வருஷமாக டிகாஷன் போடுகிறவர். கொட்டைகளைத் துப்பாமல் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

அடுத்தது மிளகு. போன வருஷம் ஏரிப் பக்கம் ஒரு கடையில் அரைக்கிலோ வாங்கி, வீட்டில் வந்து பார்த்தால் கால்வாசி பப்பாளி விதை. இதைச் சொல்லியிருக்கக் கூடாது. பெரியம்மா இந்த முறை வேறொரு கடையில் போய், "ஒரு டம்ளர் தண்ணி குடுப்பா" என்றார். குடிக்கத்தான் என்று நினைத்துக் கொடுத்தார் கடைக்காரர். ஒரு பிடி மிளகை அள்ளி அதில் போட்டார். நல்ல மிளகு கனம், அடியில் போய்விடும். பப்பாளி விதையும் பொக்கு மிளகும் மிதக்கும். மூவரும் டம்ளருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டே இரண்டு மிதந்தன. "பரவாயில்ல, ஒரு கிலோ போடு." கடைக்காரர் முகத்தில் தேர்வு முடிவு பார்த்த நிம்மதி. நனைந்த மிளகையும் எங்கள் தலையில்தான் கட்டினார், அது நியாயம்.

பகோடா பாயின்ட், தாவரவியல் பூங்கா எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்கிறவர்கள் ஆட்டோவைத்தான் பார்க்கிறார்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டு, லேடீஸ் சீட் என்கிற மலைமுனைக்குப் போய் உட்கார்ந்தோம். பகலில் வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணைப்பக்கம்கூடத் தெரியும் என்பார்கள். அன்று தெரியவில்லை, புகைமூட்டம். இருட்டியதும் கீழே சேலம் கொஞ்சம் கொஞ்சமாக எரிய ஆரம்பித்தது. ஸ்வெட்டர் மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு பெரியம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ராத்திரி மீன்பிடிக்கப் போற போட்டெல்லாம் இப்படித்தான் தெரியும். ஆனா இவ்வளவு இருக்காது" என்றார். எங்கள் வீட்டு விளக்கு எது என்று கேட்டார். நானும் ஏதோ ஒன்றைக் காட்டினேன்.

இறங்கும்போது எண்ணவில்லை, தூங்கிவிட்டார். சேலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தட்டுவடை செட் கடை கண்ணில் பட்டது. இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி, துருவிய பீட்ரூட், கேரட். முதல் கடியில் பாதி புடவையில் கொட்டியது. "எங்க பீச்சுல சுண்டல் இப்படிக் கொட்டாது" என்றபடி இன்னொரு தட்டு கேட்டார். மிளகுப் பை மட்டும் அவர் கக்கத்தை விட்டு இறங்கவே இல்லை.