கையை ஆட்டினால் கால் வலுவாகாது

பெரும்பாலான முதியோர் இல்லங்களில் உடற்பயிற்சி என்றால் இதுதான்: எல்லோரையும் நாற்காலியில் வட்டமாக உட்கார வைத்து, பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, கையைத் தூக்குங்கள், இறக்குங்கள், கழுத்தை மெல்லத் திருப்புங்கள் என்று அரை மணி நேரம். நாலு பேர் முகம் பார்த்துச் சிரிக்கிறார்கள், நல்ல விஷயம், அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு பயிற்சி முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அங்கே இருப்பவர்களுக்குப் பெரிய கஷ்டம் நாற்காலியை விட்டு எழ முடியாததும், கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு முறையும் ஆளைக் கூப்பிட வேண்டியிருப்பதும்தான். அதற்குத் தொடையிலும் இடுப்பிலும் வலு வேண்டும், பாரம் கொடுக்காமல் தசைக்கு வலு ஏறாது.

நான் பிசியோதெரபிஸ்ட். இதைச் சொன்னதும் குடும்பத்தார் பதறுவார்கள், "தொண்ணூறு வயசுல வெயிட் தூக்கச் சொல்றீங்களா?" என்று. ஆமாம், தொண்ணூறிலும்தான்.

1990-லேயே இதற்கு விடை கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் பாஸ்டனில், மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 10 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சராசரி வயது 90, எல்லோரும் நலிந்த உடம்புக்காரர்கள். ஒருவர் ஒரே ஒரு முறை முழு பலத்தோடு தூக்கக்கூடிய எடை எவ்வளவு என்று பார்த்து, அதில் பாதியில் தொடங்கி, சீக்கிரமே 80 சதவீதத்துக்கு ஏற்றி, வாரம் மூன்று நாள், எட்டு வாரம் முழங்கால் நீட்டும் தசைகளுக்குப் பயிற்சி. கடைசிவரை செய்த 9 பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது, அதாவது முன்பிருந்ததைப் போல இரண்டே முக்கால் மடங்கு! 1994-ல் அதே குழு 100 பேரை வைத்துப் பெரிதாகச் செய்தபோது, பயிற்சி செய்தவர்களுக்கு வலு 113 சதவீதம் கூடியது, செய்யாதவர்களுக்கு வெறும் 3. நடை வேகமும் படியேறும் திறனும் கூடவே ஏறின. சத்துபானம் மட்டும் குடித்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதனால் வலு கூடவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்பா அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் வாங்கி வருவது அந்த டப்பாவைத்தான்.

இத்தனை வருஷம் கழித்தும் பல இடங்களில் அரைக் கிலோ டம்பெல்லைத் தாண்டுவதில்லை. ஒருவரால் சிரமமே இல்லாமல் முப்பது முறை தூக்க முடிகிறது என்றால் அந்த எடை அவருக்குப் போதாது, வயது எதுவாக இருந்தாலும் சரி. எட்டாவது முறை தூக்கும்போது முகம் கொஞ்சம் இறுக வேண்டும், பத்தைத் தாண்ட முடியக்கூடாது, அதுதான் சரியான எடை. அது சுலபமாகிவிட்டால் அரைக் கிலோ கூட்ட வேண்டும்.

பெரிய மெஷின் இல்லாமலும் செய்யலாம். எழுந்து உட்காருவதே பயிற்சி. முதல் முறை ஒரு பாட்டியோடு செய்யும்போது நாற்காலி மேல் கெட்டியான குஷன் போட்டு உயரத்தைக் கூட்டிவிடுவேன், நாற்காலியின் முதுகு சுவரை ஒட்டி இருக்க வேண்டும், நகரக்கூடாது. "அம்மா, கொஞ்சம் முன்னாடி வாங்க, பாதத்தைப் பின்னால இழுத்து வைங்க, மூக்கு கால்விரலுக்கு நேரா வரட்டும், இப்ப எழுந்திருங்க." தொடை நடுங்கும். கை நாற்காலிப் பிடியை அழுத்தும், அழுத்தட்டும். எழுவதைவிட உட்காருவதுதான் முக்கியம்: பொத்தென்று விழாமல், நான்கு எண்ணும்வரை மெதுவாக இறங்க வேண்டும். அவரையே சத்தமாக எண்ணச் சொல்வேன், எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது, மூச்சை அடக்கித் தம் கட்டினால் ரத்த அழுத்தம் விறுவிறுவென்று ஏறிவிடும். அடுத்தடுத்த வாரங்களில் குஷனை எடுத்துவிடலாம், அப்புறம் கையின் உதவியைக் குறைக்கலாம், கணுக்காலில் மணல் பை கட்டி முழங்காலை நீட்டச் சொல்லலாம். மறதி நோய் உள்ளவர்களுக்கு இவ்வளவு விளக்கம் ஓடாது, எதிரே உட்கார்ந்து நாம் செய்து காட்டினால் அவர்களும் செய்துவிடுவார்கள்.

நெஞ்சுவலி கட்டுக்குள் இல்லாதவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், எலும்பு முறிவு இன்னும் கூடாதவர்கள் இப்போதைக்கு வேண்டாம், மருத்துவரைக் கேட்காமல் யாருக்கும் தொடங்க வேண்டாம். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிகிற பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். மூட்டு வலி இருந்தால் எடையையும் மூட்டை அசைக்கும் தூரத்தையும் குறைத்துச் செய்யலாம், மூட்டு வலி என்பதற்காக முழுசாக விட்டுவிடுவதுதான் தப்பு.

இன்னொன்று, மனசு கேட்காமல் சொல்கிறேன். உதவியாளர்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிடுவது அன்பால்தான், நேரமின்மையாலும்தான். ஆனால் தானே எழக்கூடியவரைத் தினம் பத்து முறை நாம் தூக்கிவிட்டால், அவர் தொடைக்குக் கிடைக்க வேண்டிய பத்து முறைப் பயிற்சியை நாமே பறித்துவிடுகிறோம். அரை நிமிஷம் பொறுத்துப் பக்கத்தில் நின்றால் போதும். காய்ச்சல் வந்து படுத்தாலும் இதே கதை: ஆரோக்கியமான, அறுபதைத் தாண்டியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்ததில் காலில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போயிருந்தது.

நிறுத்தினாலும் போய்விடும். 1990-ல் பயிற்சி பெற்றவர்கள் நான்கு வாரம் விட்டதும் வலுவில் 32 சதவீதம் இறங்கியது. அதனால் வாரம் இரண்டு நாளாவது விடாமல் நடக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை இல்லத்துக்குப் போகும்போது "சாப்பிட்டாங்களா, தூங்கினாங்களா" என்பதோடு இதையும் கேளுங்கள்: போன மாசம் எத்தனை கிலோ கட்டினீர்கள், இந்த மாசம் எத்தனை கிலோ?