வெளிநாட்டில் விமானிப் பயிற்சி: பணம் கட்டுமுன் போட வேண்டிய கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எஸ்பிஎம் (பள்ளியிறுதித் தேர்வு) முடித்த பிள்ளை "பைலட் ஆகணும்" என்றதும், பெரும்பாலான வீடுகளில் முதலில் ஒரு ஏஜெண்டின் தொலைபேசி எண்ணைத்தான் தேடுகிறார்கள். இரண்டு வாரத்தில் மூன்று நாட்டுப் பள்ளிகளின் வண்ணத் தாள்கள் மேசைக்கு வந்துவிடும். ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் ஒரு தொகை, பக்கத்தில் "12 மாதத்தில் சிபிஎல்", அதாவது வணிக விமானி உரிமம், என்று ஒரு வரி. அப்பாவின் சேமநிதி, அம்மாவின் நகை, தாமான் வீட்டின் மேல் ஒரு கடன் என்று குடும்பம் கூட்டிப் பார்க்கத் தொடங்கும். தோட்டத்தில் வேலை பார்த்த இரண்டு தலைமுறையின் உழைப்பு அந்தத் தொகையில் இருக்கிறது. எந்த வரிசையில் முடிவெடுக்க வேண்டும் என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மருத்துவப் பரிசோதனை. பள்ளிக்கு ஒரு காசு கட்டுவதற்கு முன்னால், மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம் அங்கீகரித்த விமான மருத்துவரிடம் முதல் வகுப்புச் சான்றுக்குப் போய் வாருங்கள். கண், காது, இசிஜி, இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். சிவப்பு-பச்சை நிறக் குறை உள்ள பல பேருக்கு அது இருப்பதே நிறச் சோதனைக்கான புள்ளிப் படப் புத்தகத்தைத் திறக்கும்வரை தெரியாது. குடும்பத்தில் சர்க்கரையோ இதய நோயோ இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்து வாங்கிய சான்று பின்னால் உரிமத்தையே கொண்டுபோய்விடும். போகிற நாடு தன் சொந்தச் சான்றையும் கேட்கும். ஆனால் இங்கே வேலை செய்ய சிஏஏஎம் சான்று இல்லாமல் முடியாது என்பதால் அதுதான் முதல் வாசல். 40 வயதுக்குக் கீழே அது 12 மாதம் செல்லும்.

அடுத்த கேள்வி, எந்த நாட்டு உரிமம்? பிள்ளை கடைசியில் எங்கே வேலை செய்யப் போகிறான் அல்லது போகிறாள் என்பதில் இருந்து பின்னோக்கி வாருங்கள். அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ பயின்றதாலேயே அங்கே வேலை செய்யும் உரிமை வந்துவிடாது. மாணவர் விசா முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான். ஆகவே மலேசிய விமான நிறுவனங்களில் நுழைவதுதான் நடைமுறை இலக்கு என்றால், வெளிநாட்டு உரிமத்தை சிஏஏஎம் உரிமமாக மாற்ற வேண்டும். அதற்குத் தனித் தேர்வு, தனிப் பறத்தல் சோதனை, தனிச் செலவு, தனிக் காத்திருப்பு. உரிமம் கொடுத்த நாட்டிடம் அது உண்மையானதா என்று எழுதிக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். அந்தப் பதில் வரும்வரை எதுவும் நகராது. இதையெல்லாம் எந்த வண்ணத் தாளும் விலையில் சேர்ப்பதில்லை. பள்ளியைத் தேர்ந்தெடுக்குமுன் சிஏஏஎம் உரிமப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி, இன்ன நாட்டு சிபிஎல் வைத்திருப்பவர் மாற்றிக்கொள்ள இன்று என்னென்ன வேண்டும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜெண்ட் வாயால் சொல்வதை இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லா நாடுகளும் அனைத்துலக விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின், உரிமங்கள் பற்றிய முதல் இணைப்பை ஒட்டித்தான் விதி எழுதுகின்றன. சிபிஎல்லுக்கு 18 வயது. மொத்தம் 200 மணி, அங்கீகரித்த ஒருங்கிணைந்த பாடத்திட்டமானால் 150 மணி. அதில் தலைமை விமானியாக (விமானத்தின் முழுப் பொறுப்பும் தன் கையில்) 100 மணி, ஒருங்கிணைந்த பாடத்தில் 70. குறைந்தது 540 கிலோமீட்டர் நீளும் ஒரு நெடும்பயணம், வழியில் இரண்டு வெவ்வேறு விமானத் தளங்களில் இறங்கி முழுதாக நிறுத்தி. வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் கருவி வழிப் பயிற்சி 10 மணி. இரவில் தலைமை விமானியாக 5 ஏற்றம், 5 இறக்கம். இவை அடிமட்டம். நாடுகள் இதற்கு மேல் தங்கள் விருப்பப்படி கூட்டுகின்றன. அமெரிக்காவில் விதியின் பகுதி 61 சொல்லும் பொது முறையில் 250 மணி, அங்கீகரித்த பாடத்திட்டம் நடத்தும் பகுதி 141 பள்ளியில் 190 மணி. ஐரோப்பிய முறையில் ஏடிபிஎல் (விமான நிறுவன விமானி உரிமம்) தியரி மட்டுமே 13 தாள். ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு வேண்டும், முதல் தாள் எழுதிய மாதத்தின் முடிவில் இருந்து 18 மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஆஸ்திரேலிய சிபிஎல்லுக்கு 7 தாள்.

அமெரிக்கப் பயிற்சியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஊருக்குத் திரும்பிய பிறகுதான் பலருக்கு இது தெரிய வருகிறது. அங்கே தனியார் விமானி உரிமம் வாங்கிய பிறகு, பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் மணி நேரத்தையும், கைப்பிடி உங்கள் கையில் இருந்தால் தலைமை விமானி மணியாக எழுத விதி இடம் கொடுக்கிறது. மற்ற பல நாடுகளின் ஆணையங்கள் அதைப் பயிற்சி மணியாக மட்டுமே எண்ணும். மாணவரின் பறத்தல் பதிவேட்டில் 110 மணி தலைமை விமானி என்று இருக்கும். மாற்றும்போது அது 70 ஆகச் சுருங்கலாம். ஆகவே முதல் நாளில் இருந்தே, தனியாகப் பறந்தது, பயிற்றுநரோடு பறந்தது என்று தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். இதே போல, அங்கே கருவித் தகுதியை ஒற்றை எஞ்சின் விமானத்திலேயே முடித்துவிடலாம். பல எஞ்சின் விமானத்தில் கருவிச் சோதனை கொடுத்த சான்றைக் கேட்கும் இடத்தில் அது பத்தாது. பாடத்தில் இரட்டை எஞ்சின் மணி எத்தனை, கருவிச் சோதனை எந்த விமானத்தில் என்று பள்ளியிடம் கேட்டுத் தெளிவாகுங்கள். ஐரோப்பா, பிரிட்டன் பக்கம் நினைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: 2020 இறுதியோடு பிரிட்டன் உரிமமும் ஐரோப்பிய ஒன்றிய உரிமமும் தனித்தனியாகிவிட்டன. ஒன்று வாங்கினால் மற்றது தானாக வராது.

இனி, இந்தப் பதிவின் நடுத்தூண். பள்ளியிடம் விலை கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு மாணவர் மாதம் சராசரியாக எத்தனை மணி பறக்கிறார்?

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். தாளில் 10 விமானம். கட்டணம் வாங்கிப் பயிற்சி கொடுக்கும் விமானத்தை அமெரிக்க விதிப்படி 100 மணிக்கு ஒருமுறை பிரித்துச் சோதிக்க வேண்டும். மற்ற இடங்களிலும் ஏறக்குறைய அதே முறைதான். மாதம் 60 மணி பறக்கிற விமானம் இரண்டு மாதம் ஆகுமுன்பே கொட்டகைக்குள் போய்விடும். அப்படி இரண்டு உள்ளே, ஒன்று உதிரிபாகத்துக்காக நிற்கிறது என்று வையுங்கள், பறப்பது 7. ஏழு பெருக்கல் 60, மாதம் 420 மணி. 35 மாணவர் என்றால் ஆளுக்கு 12 மணி. விமானத்தில் 180 மணி முடிக்க 15 மாதம். அதே பள்ளி 70 மாணவரைச் சேர்த்திருந்தால் ஆளுக்கு 6 மணி, 30 மாதம். விமானக் கட்டணம் அப்படியே இருக்கிறது, ஆனால் வாடகை, சாப்பாடு, போக்குவரத்துக்கு மாதம் 4,500 வெள்ளி என்று வைத்தால்கூடக் கூடுதல் 15 மாதம் 67,500 வெள்ளியை விழுங்கிவிடும். மணிக்கு இருபது வெள்ளி மலிவு என்று சேர்ந்தவர் கடைசியில் அதிகம் கட்டுவது இப்படித்தான்.

அதைவிட மோசம், கை மறப்பது. வாரத்துக்கு ஒரே ஒரு முறை பறக்கிற மாணவர் போன வாரம் பழகிய இறக்கத்தை இந்த வாரம் மறுபடி பழகுவார். அந்த மறுபடிக்கும் மீட்டர் ஓடும்.

இந்தக் கணக்கை நீங்களே ஓரளவு சரிபார்க்கலாம். பள்ளியின் படங்களில் விமானத்தின் பதிவெண் தெரியும்: அமெரிக்காவில் என் எழுத்தில் தொடங்கும், ஆஸ்திரேலியாவில் விஎச், நியூசிலாந்தில் இசட்கே. அந்த நாடுகளின் விமானப் பதிவேடு இணையத்தில் திறந்தே இருக்கிறது. விமானம் யார் பெயரில், எந்த ஆண்டுத் தயாரிப்பு என்று பார்க்கலாம். அதே எண்ணை, விமானங்கள் பறப்பதைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் போட்டு, போன வாரம் எத்தனை முறை எழும்பியது என்று பாருங்கள். தாழப் பறக்கும்போது சில இடங்களில் சமிக்ஞை விடுபடும், ஆகவே ஒரு விமானத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பத்தில் ஆறு விமானம் மூன்று வாரமாக அசையவில்லை என்றால் பள்ளியிடம் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எஞ்சின் முழுப் பராமரிப்புக்கு எத்தனை மணி மிச்சம் என்றும் கேளுங்கள். செஸ்னா 172, பைப்பர் வாரியர் போன்றவற்றில் இருக்கும் லைகமிங் எஞ்சின்களுக்குப் பொதுவாக 2,000 மணி. மூன்று விமானம் ஒரே பருவத்தில் அந்த எல்லையைத் தொட்டால் அந்தப் பருவம் முழுவதும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

விலையை ஒப்பிடும்போது ஒரே அளவுகோலில் ஒப்பிடுங்கள். ஹாப்ஸ் மீட்டர் எஞ்சின் ஓடும் நேரத்தை அப்படியே எண்ணும். டாக்கோ மீட்டர் எஞ்சின் சுழற்சியைப் பொறுத்தது. தரையில் மெதுவாக உருளும்போது அதுவும் மெதுவாகவே ஓடும். ஒரே பயணத்துக்கு டாக்கோவில் கட்டுவது குறைவாக வரும். விலை எண்ணெயோடு சேர்த்தா, சேர்க்காமலா? எண்ணெய் விலை ஏறினால் கூடுதல் கட்டணம் உண்டா? தரையிறங்கும் கட்டணம், தேர்வாளர் கட்டணம், சோதனை நாளுக்கான விமான வாடகை, தோற்றால் மறுசோதனை, காதொலிக் கருவி, வரைபடங்கள், காப்புறுதி, விசா நீட்டிப்பு, இவை எதில் அடங்குகின்றன? "200 மணி" என்கிற தொகுப்பில் எத்தனை மணி சிமுலேட்டர்? தொகுப்புகள் குறைந்தபட்ச மணியை வைத்துப் போடப்பட்டவை. குறைந்தபட்சத்தில் முடிப்பவர்கள் உண்டு, ஆனால் அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. தொகுப்பு விலைக்கு மேல் 20 விழுக்காடு தனியாக வைக்க முடியாத குடும்பம் இன்னும் ஓராண்டு பொறுப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

பெரிய விமான நிலையத்தில் இருக்கும் பள்ளி என்று மயங்க வேண்டாம். ஜெட் விமானங்களுக்கு வழிவிட்டு ஒவ்வொரு முறையும் 18 நிமிடம் ஓடுபாதை ஓரம் காத்தால் அது 0.3 மணி. 120 பயணத்துக்கு 36 மணி. பதிவேட்டில் மணி ஏறும், கையில் பழக்கம் ஏறாது. கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள, ஆனால் நெரிசல் இல்லாத தளம்தான் பயிற்சிக்கு ஏற்றது. பருவநிலையும் அப்படித்தான்: ஃபுளோரிடாவில் கோடைப் பிற்பகல் இடிமழை, அரிசோனாவில் கோடை வெப்பத்தில் காற்று லேசாகி, எஞ்சினும் இறக்கையும் திறன் குறைந்து ஏற்றம் குறைவது, பிரிட்டனில் குளிர்கால மேகம். எந்த மாதம் சேர்ந்தால் தனிப்பறத்தல் நல்ல பருவத்தில் வரும் என்று கேட்டுச் சேருங்கள்.

பயிற்றுநர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் 3407 விபத்துக்குப் பிறகு அமெரிக்கா விதியை இறுக்கியது. 2013 முதல் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி வேண்டும். அந்த மணியைச் சேர்க்கத்தான் பல இளைஞர்கள் பயிற்றுநர் ஆகிறார்கள், எட்டியதும் போய்விடுகிறார்கள். இது அவர்கள் தவறில்லை. ஆனால் உங்கள் பிள்ளைக்கு நடுவில் மூன்று முறை பயிற்றுநர் மாறினால், ஒவ்வொருவரும் "முதல்ல நீ எப்படிப் பறக்கிறேன்னு காட்டு" என்று இரண்டு மணி எடுப்பார். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர், போன ஆண்டு எத்தனை பேர் விலகினர் என்று கேளுங்கள்.

பணம் கட்டுவதில்தான் நம் குடும்பங்கள் அதிகம் அடிபடுகின்றன. முழுத் தொகையையும் முதலிலேயே கட்டினால் பத்து விழுக்காடு தள்ளுபடி என்பார்கள். பள்ளி மூடினால் மீதி தொண்ணூறும் போகும். கட்டம் கட்டமாகக் கட்டுங்கள். முன்பணம் எப்போதும் அடுத்த 20, 25 மணிக்கு மேல் இருக்க வேண்டாம். அப்படி ஒத்துக்கொள்ளாத பள்ளியை விட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவருக்குச் சட்டப் பாதுகாப்பு நன்றாக இருக்கிறது. பாடத்துக்கு கிரைகோஸ் எண் (வெளிநாட்டு மாணவருக்கான அரசுப் பதிவு எண்) இருக்க வேண்டும். 25 வாரத்துக்கு மேற்பட்ட பாடத்துக்கு, வகுப்பு தொடங்குமுன் பாதிக் கட்டணத்துக்கு மேல் கேட்கக் கூடாது. பள்ளி மூடினால் வேறிடம் பார்த்துத் தரவோ, மீதியைத் திருப்பித் தரவோ கல்விக் கட்டணப் பாதுகாப்பு அமைப்பு உண்டு. அமெரிக்காவில் மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் கொடுக்க அனுமதி பெற்ற பள்ளியா என்று அரசுத் தளத்தில் பார்க்கலாம். ஆனால் அந்த அனுமதி உங்கள் பணத்துக்கு உத்தரவாதம் இல்லை. தொழிற்பயிற்சி மாணவருக்கான எம்-1 விசாவில் போகிறவர் பகுதி நேர வேலை செய்து வாடகை கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; படிக்கும் காலத்தில் வேலைக்கு அனுமதி கிடையாது.

இங்கே கடன் வாய்ப்பு குறுகியது. அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன் உள்நாட்டுக் கல்விக்கு மட்டும். மாரா என்ற அரசு அமைப்பின் கடன் பூமிபுத்ராக்களுக்கு. சேமநிதியில் கல்விக்காக எடுக்கலாம். 2024 மே மாற்றத்துக்குப் பிறகு அது செஜாத்ரா கணக்கில் இருந்து. ஆனால் டிப்ளோமாவோ அதற்கு மேலோ என்ற தகுதி நிலை அங்கே முக்கியம்; வெறும் உரிமப் பயிற்சி என்று எழுதிய சேர்க்கைக் கடிதம் நிராகரிக்கப்படலாம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் சேமநிதி முகப்பில் கேளுங்கள், பிறகு பள்ளிக்கு ஒப்புதல் சொல்லுங்கள். துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் தாத்தா பாட்டிகள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர் இந்தச் சுங்கை சிப்புட்காரர். அப்படிச் சேர்த்த பழக்கம் உள்ளவர்கள் நாம்; ரசீது இல்லாமல் ஏஜெண்ட் கையில் ரொக்கம் கொடுக்கக் கூடாது. பணம் பள்ளியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன், பள்ளி தேர்ந்தெடுத்துக் கொடுக்காத இரண்டு மாணவர்களிடம் பேசுங்கள். "எப்படி இருக்கு தம்பி?" என்றால் "ஓகே அண்ணே" என்றுதான் வரும். "போன மாதம் எத்தனை மணி பறந்தே? எத்தனை முறை ரத்தாச்சு, எதுக்கு? சோதனைக்குத் தயாரான பிறகு எத்தனை நாள் காத்திருந்தே?" என்று கேளுங்கள்.

ஆங்கிலத்துக்கு ஐசிஏஓ நான்காம் நிலை குறைந்தபட்சம், மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய பிள்ளைக்கு இது தடையே இல்லை. ஆனால் வானொலிச் சொற்றொடர்களை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது, சாதாரண ஆங்கிலத்தில் பேசுவதையும் சோதிப்பார்கள்; கிளம்புமுன் இரண்டையும் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள்.

பயிற்சி தொடங்கியதும் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் பயிற்றுநர் கையெழுத்து, உரிம எண் இரண்டையும் அன்றன்றே வாங்கிவிடுங்கள். பயிற்றுநர் வேலை மாறிப் போன பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு. பக்கம் முடிந்ததும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். ஊர் திரும்புமுன் பாடத்திட்ட நகல், தியரி மதிப்பெண், சோதனை அறிக்கைகள், மொத்த மணியைச் சான்றளிக்கும் பள்ளிக் கடிதம் எல்லாவற்றையும் பள்ளி முத்திரையோடு வாங்குங்கள். கடைசித் தவணையை அவை கையில் வந்த பிறகு கட்டுங்கள்.