குறைந்த காசில் கேமிங் பிசி: ஏழு முறை மாறிய பட்டியல்

முதல் பட்டியலை எழுதி முடித்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. எட்டு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் அலகு) உள்ள பிராசசர், லிக்விட் கூலர், நாலு பக்கமும் விளக்கு எரியும் கேபினட். கையில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் இவற்றுக்கே போய்விட, மிச்சத்தில் என்ன கிராபிக்ஸ் கார்டு கிடைக்குமோ அதைக் கடைசி வரியில் போட்டிருந்தேன். என் சித்தி மகளிடம் காட்டினேன். என்னைவிட ஆறு வயது இளையவள், ஆனால் நாலைந்து கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து பழகியவள். மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, இதுல மானிட்டர் எங்க?"

மானிட்டரை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வீட்டில் பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று, அதாவது நொடிக்கு அறுபது ஃப்ரேம் (படம்) காட்டுவது, இருந்தது, அதுவே போதும் என்று நினைத்திருந்தேன். "அப்போ எட்டு கோரு எதுக்கு? எத்தன ஃப்ரேம் வந்தாலும் உனக்குத் தெரியப்போறது அறுபதுதான்" என்றாள். முதல் பட்டியல் அங்கேயே செத்தது.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 83 லட்சம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கார்டு இத்தனையையும் வரைந்தாக வேண்டும். ஆக, எந்தத் திரை என்று முடிவு செய்தாலே எந்தக் கார்டு என்பது பாதி முடிவாகிவிடுகிறது. நான் 1080பி, 144 ஹெர்ட்ஸ் என்று நிறுத்திக்கொண்டேன். மானிட்டருக்கு வேண்டியதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியை நூறு பங்காகப் பிரித்தேன். கிராபிக்ஸ் கார்டுக்கு 40, பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் சேர்த்து 30, மிச்சம் 30க்குள் ராம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினட் எல்லாம். இது ஒன்றும் எழுதிவைத்த விதி இல்லை. ஆனால் ஏதாவது ஒன்று தன் பங்கைத் தாண்டும்போது, எதைக் குறைத்து அதற்குக் கொடுக்கிறேன் என்ற கேள்வியாவது வந்தது.

பிராசசரில்தான் ரொம்ப நாள் திண்டாடினேன். ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெல் ஐ5 12400எஃப், இரண்டுமே 6 கோர், 12 த்ரெட் (ஒரே சமயத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்). விளையாட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் போர்டோடு சேர்த்து எது மலிவோ அதை எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். ரைசன் பக்கம் சாய்ந்தது. ஆனால் கிட்டத்தட்ட வாங்கியது 5600 இல்லை, 5600ஜி. அதில் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, கூடுதலாக ஒன்று கிடைத்தால் நல்லதுதானே என்று தோன்றியது. உட்கார்ந்து விவரத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. 5600இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) 32 எம்பி. ஜி-யில் 16 எம்பிதான். கார்டை இணைக்கும் வழியான பிசிஐ எக்ஸ்பிரஸும் 4.0 இல்லை, 3.0. தனிக் கார்டு போடுகிறவனுக்கு அந்த உள் கிராபிக்ஸால் பெரிய பயன் இல்லை, பாதி கேஷை இழப்பதுதான் மிச்சம். கார்டு வாங்க ஆறு மாதம் ஆகும், அதுவரை எதையாவது விளையாட வேண்டும் என்றால் ஜி சரியான பொருள். என் நிலை அது இல்லை. பிராசசர் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒற்றை எழுத்தை எல்லோரும் அலட்சியமாகத் தாண்டிப் போகிறோம். இன்டெல்லில் எஃப் என்றால் உள் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம்.

5600 உட்காரும் ஏஎம்4 பழைய சாக்கெட் ஆயிற்றே, 2022இலேயே ஏஎம்5 வந்துவிட்டதே என்று ஒரு நண்பர் தடுத்தார். தெரிந்துதான் எடுத்தேன். ஏஎம்5 போர்டுகளுக்குப் புதிய வகையான டிடிஆர்5 ராம்தான் வேண்டும், போர்டும் ராமும் சேர்ந்து என் நூறு பங்கைத் தின்றுவிடும். 'எதிர்காலத்துக்கு ஆகும்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. அந்த ஒரு வார்த்தைதான் என் பட்டியலை மூன்று முறை வீங்க வைத்தது. வேண்டுமானால் பிறகு இதே போர்டில் 96 எம்பி கேஷ் உள்ள 5800எக்ஸ்3டி போட்டுக்கொள்ளலாம்.

போர்டில் பி450 மலிவாக இருந்தது. ஆனால் அது 2018இல் வந்த சிப்செட் (போர்டின் முக்கிய சிப்), ரைசன் 5000 வரிசை வந்தது 2020 கடைசியில். கிடங்கில் தூங்கிய பழைய ஸ்டாக்காக இருந்தால் பயாஸை (போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்யாமல் இந்தப் பிராசசர் ஓடாது. அப்டேட் செய்ய, ஓடக்கூடிய பழைய பிராசசர் ஒன்று வேண்டும்! பென்டிரைவ் மட்டும் வைத்து அப்டேட் செய்யும் ஃப்ளாஷ்பேக் பொத்தான் சில போர்டுகளில் உண்டு. எதற்கு வம்பு என்று, அந்தப் பொத்தானும் உள்ள பி550 ஒன்றை எடுத்தேன்.

கார்டுக்கு முதலில் பழையது பார்த்தேன். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் வேறு முறைக்கு மாறியதும் கார்டு வைத்து அதை மைனிங் செய்வது (கணக்குப் போட்டு நாணயம் சம்பாதிப்பது) நின்றுபோனது, அந்தக் கார்டுகள் எல்லாம் பழைய சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடிய கார்டு என்றாலே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன், ஃபேன் தேய்ந்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அவ்வளவுதான் பல சமயம். நான் போய்ப் பார்த்த கார்டின் கதை வேறு. விற்றவர் டெஸ்க்டாப்பைக் காட்டி "ஓடுது பாருங்க" என்றார். பதினைந்து நிமிடம் ஒரு கேம் ஓட்டிக் காட்டச் சொன்னேன். முகம் சுருங்கியது. எட்டாவது நிமிடம் திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். "இது டிரைவர் பிரச்சினைங்க" என்றார். நானும் சரி சரி என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

புதிதில் மலிவாகத் தெரிந்தது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. 4 ஜிபி நினைவகம், பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் (தரவு போகும் பாதை) நாலே நாலு. பழைய 3.0 போர்டில் போட்டால் இன்னும் வேகம் குறையும், ஏனென்றால் 4 ஜிபி நிறைந்ததும் அந்தக் குறுகலான வழியாகத்தான் ராமிலிருந்து இழுக்க வேண்டும். கேபினட்டில் இருந்த விளக்குகளை எல்லாம் வெட்டி, அந்தக் காசையும் சேர்த்து ஆர்எக்ஸ் 6600 எடுத்தேன். 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் கனெக்டர். 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 மீது ஆசை இருந்தது. பிளெண்டர் மாதிரி 3டி மென்பொருளில் வேலையும் செய்கிறவர் என்றால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். எனக்கு விளையாட்டு மட்டும்தான்.

பவர் சப்ளையில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று யாரும் சொல்வதில்லை. கேபினட்டோடு இலவசமாக வந்த '500 வாட்' பெட்டி ஒன்றின் லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். பிராசசரும் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 132, அதோடு பிராசசரின் 65, ஃபேன், டிஸ்க், திடீர் ஏற்றங்கள் எல்லாம் சேர்ந்தால் அந்தப் பெட்டி முட்டி நிற்கும். முன்னால் எழுதியிருந்த 500 என்ற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ள 550 வாட் வாங்கினேன். அந்த முத்திரையும் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைத்தான் சொல்கிறது, உள்ளே இருக்கும் பொருளின் தரத்தை இல்லை. அதனால் வாரன்டி எத்தனை வருடம், யாராவது பிரித்துச் சோதித்திருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டேன்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. ராம் 16 ஜிபி, ஒரே ஸ்டிக்காக இல்லாமல் இரண்டு எட்டாக. இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து வேலை செய்யும் டூயல் சேனலில் ஓடினால் விளையாட்டில் வித்தியாசம் தெரிகிறது. 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, அதிவேகம் ஒன்றும் வேண்டாம், சில கேம்கள் 100 ஜிபியைத் தாண்டுவதால் இடம்தான் முக்கியம். முன்பக்கம் வலை உள்ள சாதாரண கேபினட், கார்டின் நீளம் மில்லிமீட்டரில் பொருந்துகிறதா என்று பார்த்தேன். கூலர் பிராசசர் பெட்டியிலேயே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே எல்லாவற்றையும் பூட்டினேன். ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. வியர்த்துவிட்டது. அரை மணி நேரம் ராமைக் கழற்றிக் கழற்றி மாட்டிய பிறகு பார்த்தால், எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகியிருக்கிறேன். உள் கிராபிக்ஸ் இல்லாத பிராசசர் என்று தேடித் தேடி வாங்கிய ஆளே நான்தான். கேபிளைக் கார்டுக்கு மாற்றியதும் படம் வந்தது. அப்புறம் டாஸ்க் மேனேஜரில் ராம் 3200க்குப் பதிலாக 2400 என்று காட்டியது, பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்ததும் சரியானது.

மூன்று நாள் விடாமல் விளையாடினேன். பழைய கம்ப்யூட்டருக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், 144 ஹெர்ட்ஸ் என்றால் சும்மாவா என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் சொன்னேன். நான்காம் நாள் சித்தி மகள் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து மவுஸை இரண்டு முறை இடவலமாக ஆட்டினாள். ஒன்றும் பேசாமல் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து, 60 என்று இருந்ததை 144 ஆக்கினாள்.

"இப்ப விளையாடு அண்ணா" என்றாள்.