ரக்பி வீரருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை: சான்றிதழ் சரிபார்ப்பில் இடறும் இடங்கள்

மூன்றாவது முறை போனபோதுதான் சரிபார்ப்பு முடிந்தது. தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு ரயிலேறிய முதல் இரண்டு நாளும் வீண். மத்திய அரசின் குரூப் சி வேலைக்கு விண்ணப்பிக்கும் ரக்பிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

முதல் நாள், மேசையில் இருந்தவர் பட்டியலைப் புரட்டிவிட்டு "ரக்பி இதுல இல்லையே தம்பி" என்று கோப்பைத் திருப்பித் தந்துவிட்டார். அவர் வைத்திருந்தது ஒதுக்கீட்டில் சேரும் 43 விளையாட்டுகளின் பழைய பட்டியல். மத்தியப் பணியாளர் துறையின் 2020 செப்டம்பர் 1 ஆணைப்படி அது 63 ஆகிவிட்டது. ரக்பி, மல்லர்கம்பம், கயிறு இழுத்தல் எல்லாம் அப்போது சேர்ந்தவை. வாயால் சொன்னால் எடுபடாது. அடுத்த முறை ஆணையை அச்செடுத்து, ரக்பி வரும் வரியில் கோடு போட்டு நீட்டினேன். மறுபேச்சு இல்லை.

ஆனால் அன்றைக்குப் படிவத்தில் மாட்டிக்கொண்டேன். பதக்கமும் பங்கேற்புச் சான்றிதழும் போதாது. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1, தேசியச் சம்மேளனச் செயலாளர் தர வேண்டும். தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2, மாநிலச் சங்கச் செயலாளரிடம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் படிவம் 3. முதல் இரண்டும் செயலாளரே கையெழுத்திட்டால்தான் செல்லும் என்று படிவத்தின் அடியிலேயே இருக்கிறது. எனக்கு வந்ததில் 'செயலாளருக்காக' என்று வேறொருவர் போட்டிருந்தார். முத்திரை பளிச்சென்று இருந்ததால் கண்ணில் படவில்லை. வாங்கிய இடத்திலேயே நின்று பார்த்துவிடுங்கள்.

போட்டியின் பெயர், நாள், இடம், அணி பெற்ற இடம் நான்கும் பங்கேற்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். எழுவர் ஆட்டமா, பதினைவர் ஆட்டமா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இனிஷியல் முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில் இருந்தாலும் கேள்வி வரும்; பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பதே எங்கும் இருக்க வேண்டும்.

லீக் ஆடியவர்களுக்கு ஒன்று. 2025 ரக்பி பிரீமியர் லீக்கைச் சென்னை புல்ஸ் வென்றது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் லீக் அணிக்கு ஆடியது மாநிலத்துக்கு ஆடியதாகாது, அதற்கு இந்தப் படிவங்கள் எதுவும் கிடைக்காது. மாநில அணியில் ஆடிய வருடத்திலேயே படிவம் 2 வாங்கி வையுங்கள். சங்கத்தில் இருக்கும் பதிவேட்டைப் பார்த்துத்தான் தருவார்கள். ஆட்டத்தை விட்டுப் பல வருடம் கழித்துப் போனால் தேடி எடுப்பது பெரும்பாடு.

வயது தாண்டிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். 5 ஆண்டு வரை தளர்வு உண்டு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 10. அதற்கும் இதே படிவம்தான்.